ஒட்டியும் வெட்டியும்: சீருடை வழியே ஒரு விவாதப் பயிற்சி



நம் தமிழ்ப்பள்ளிகளில் விவாதம் என்றால் ஆசிரியர் எழுதித் தருவதும், மாணவர் அதனை மனனம் செய்து ஒப்புவிப்பதும் வழக்கமாகிவிட்டன. உச்சரிப்பும் ஏற்ற இறக்கமும் சிறப்பாகவே அமைகின்றன. ஆயினும், எதிரணியினர் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பேச்சாளர் திகைத்து நின்றுவிடுகிறார். விவாதத்திற்குப் பேச்சு எவ்வளவு தேவையோ, செவிமடுத்தலும் அவ்வளவு தேவை. இதனை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு உணர்த்த நான் தேர்ந்தெடுத்த தலைப்பு, 'பள்ளிச் சீருடை அவசியம்' என்பதாகும்.

சீருடையைப் பற்றிப் பேச நூலகத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும், பினஃபோரும் பாஜு கூரோங்கும் அவர்களுடைய அன்றாட அனுபவம். மேலும், சீருடை என்பது மாறாத ஒன்றன்று. வெள்ளைக் காலணிக்குப் பதிலாகக் கறுப்புக் காலணி என்று 2018ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு அறிவித்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 21 முதல் மாணவர் சீருடையில் ஜாலூர் கெமிலாங் சின்னமும் இடம்பெற்றது. மனிதர் எடுத்த முடிவு என்பதால், அதனை ஒட்டியும் பேசலாம், வெட்டியும் பேசலாம்.

பயிற்சியை மூன்று படிகளாக அமைத்தேன்.

முதற்படி, கருத்து, காரணம், சான்று ஆகிய மூன்றையும் பிரித்தறிதல். 'சீருடை சமத்துவத்தை வளர்க்கிறது' என்பது கருத்து மட்டுமே. 'எப்படி?' என்று கேட்டால் காரணம் வரும். 'எங்கே கண்டாய்?' என்று கேட்டால் சான்று வரும்.

இரண்டாம் படி, மறுப்பதற்கு முன் எதிரணியின் கருத்தைத் தம் சொற்களில் திரும்பக் கூறுதல். 'ஆம், நான் சொன்னது அதுதான்' என்று எதிரணியினர் ஏற்ற பின்னரே மறுக்கலாம். இது நமக்குப் புதியதன்று. நன்னூலில் பவணந்தி முனிவர் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவதும் ஒன்று.

மூன்றாம் படி, அணி மாறுதல். ஒட்டிப் பேசியவர் வெட்டிப் பேச வேண்டும். வெட்டிப் பேசியவர் ஒட்டிப் பேச வேண்டும்.

அணி மாறிய பின் ஒரு மாணவி எழுந்தாள். "ஜனவரியோ மார்ச்சோ, பள்ளி திறக்கும் நாளில் எல்லார் சட்டையும் ஒரே வெள்ளைதான். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். எது புதிது, எது அக்காளின் பழைய சட்டை என்று தெரிந்துவிடும்," என்றாள். வகுப்பு அமைதியானது. மறுக்க வேண்டிய மாணவன் விதிப்படி அதனைத் திரும்பக் கூறினான்: "சீருடை வறுமையை மறைப்பதில்லை, மறைப்பதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம் என்கிறார்." அவள் தலையசைத்தாள். சற்றே யோசித்துவிட்டு அவன் சொன்னான்: "வண்ண உடை என்றால் அது முதல் நாளே தெரிந்துவிடும். சீருடை ஆறு மாதமாவது காப்பாற்றுகிறதே!"

இவ்விரு கருத்துகளையும் நான் எழுதித் தந்திருக்க இயலாது. மனனம் செய்த உரைகளில் 'ஏழை பணக்காரர் வேறுபாடு நீங்கும்' என்ற ஒரே தொடர்தான் ஆண்டுதோறும் வரும். அந்தத் தொடருக்குள் இவ்வளவு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே தோண்டி எடுத்தார்கள்.

இத்தலைப்பை எடுக்கும் ஆசிரியர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். வகுப்புத் தோழர் எவருடைய வீட்டையும் உடையையும் சான்றாகக் காட்டக் கூடாது என்பதை முதலிலேயே விதியாக்கிவிடுங்கள். தன் வீட்டைப் பற்றிப் பேசுவது அவரவர் விருப்பம். பிறர் வீட்டைப் பற்றிப் பேசுவது காயம். வாதத்தை மறுக்கலாம், வாதிடுபவரை இழிவுபடுத்தலாகாது என்ற பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

மதிப்பெண் வழங்கும்போது மறுப்புரைக்கு உரிய பங்கை ஒதுக்குங்கள். அழகான தொடருக்கு மட்டும் கைதட்டினால், பிள்ளைகள் அழகான தொடரையே தேடுவார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டில் 'ஏன்?' என்று கேட்டால் அதனை எதிர்த்துப் பேச்சு என்று அடக்கிவிடாதீர்கள். 'நான் சொன்னதை முதலில் நீ திரும்பச் சொல், பிறகு உன் காரணத்தைச் சொல்,' என்று கேளுங்கள். சினம் தணியும், சிந்தனை வளரும், தமிழும் உடன் வளரும்.