தடிக்குள் இருக்கும் பலகை: மர அறுவை மில்லில் விலை போடும் கணக்கு

மரத்தடியின் விலை அதற்குள் இருக்கும் சட்டத்தையும் பலகையையும் வைத்துத்தான் அமைகிறது. அறுத்துப் பார்ப்பதற்கு முன்பே பணம் கைமாறிவிடுவதால், வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே இருப்பதை மதிப்பிடுவதே சிறு மர அறுவை மில்லில் கொள்முதல் செய்பவரின் வேலை. தேக்கோ வேம்போ வாகையோ, எந்தத் தடியானாலும் கணக்கு நான்கு படிகளில் நடக்கிறது: அளவு, தரம், அறுப்பில் தேறுவது, செலவு.

அளவு கன அடியில் எடுக்கப்படுகிறது. தடியின் நடுவில் டேப்பால் சுற்றளவு பிடித்து நான்கால் வகுக்கிறார்கள். வந்த எண்ணை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தாலும் பெருக்குகிறார்கள். 48 அங்குலச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள தடிக்குக் கால்சுற்று 12 அங்குலம், அதாவது ஓர் அடி. ஆகவே 10 கன அடி. அதே தடியின் உண்மையான கன அளவு 12.73 கன அடி. கால்சுற்று முறை உண்மையில் 78.5 சதவீதத்தையே காட்டும். 1736-இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் இந்தக் கணக்குக்கு அட்டவணை வெளியிட்டார். அறுப்புச் சேதாரத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே கழித்துக்கொடுப்பதால் வியாபாரிகளுக்கு இது தோதாக இருக்கிறது. கன மீட்டரில் விற்கும் இடத்தோடு விலையை ஒப்பிடும்போது கவனம் தேவை. ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. கால்சுற்றுக் கணக்கில் அது 27.74 கன அடிதான்.

பட்டையும் விலையில் புகுந்துகொள்ளும். அரை அங்குலப் பட்டையை உரித்தால் 48 அங்குலச் சுற்று 45 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகிவிடும். 10 கன அடி 8.7 ஆகும். பட்டையோடு அளப்பதா, உரித்து அளப்பதா என்பதைப் பேரத்துக்கு முன்பே பேசி முடிப்பது அதனால்தான்.

அடுத்தது தரம். பருத்த தடிக்குக் கன அடி விலையே கூடுதல். அகலப் பலகை அதில்தான் கிடைக்கும், வெள்ளையை விட வைரத்தின் பங்கும் அதிகம். கேரள வனத்துறை டிப்போக்களில் தேக்குத் தடி சுற்றளவைப் பொறுத்து வகுக்கப்படுகிறது: 185 செ.மீ.யும் அதற்கு மேலும் ஏற்றுமதி வகுப்பு, 150 முதல் 184 வரை முதல் வகுப்பு, 100 முதல் 149 வரை இரண்டாம் வகுப்பு, 76 முதல் 99 வரை மூன்றாம் வகுப்பு, 60 முதல் 75 வரை நான்காம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் நேர்த்தியையும் பழுதையும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள்.

தனியார் மில்லில் இந்தச் சோதனை கண்ணாலும் காதாலும் நடக்கிறது. வெட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தால் நடுவிலிருந்து ஓடும் வெடிப்பு தெளிவாகத் தெரியும். கோடாரியின் பின்பக்கத்தால் தட்டும்போது கெட்டித் தடி கணீரென்று ஒலிக்கும். பொந்து விழுந்தது மந்தமாக ஒலிக்கும். கணு, கோணல், முறுக்கு ஒவ்வொன்றுக்கும் கழிவு உண்டு. சாலையோர மரமும் வீட்டோர மரமும் ஆணி அச்சத்தால் விலை குறையும். துவர்ப்புச் சத்து மிகுந்த கருவேல் போன்ற மரத்தில் இரும்பு புதைந்திருந்தால் வெட்டு முகத்தில் கருநீலக் கறை படரும். ஒரே ஓர் ஆணி பட்டை ரம்பத்தின் பல்வரிசையைக் கெடுத்துவிடும். ரம்பத்தைக் கழற்றித் தீட்டும்வரை மில் நின்றுபோகும்.

தேறுவதை ரம்பமும் தீர்மானிக்கிறது. பட்டை ரம்பம் ஒரு வெட்டுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும்; வட்ட ரம்பத்தில் அது ஐந்து, ஆறைத் தொடும். ஓர் அங்குலப் பலகையாக அறுத்தால் வட்ட ரம்பத்தில் நான்கைந்து பலகைக்கு ஒரு பலகை தூளாகப் போகிறது.

கடைசியில் கணக்கு பின்னோக்கி நடக்கிறது. உதாரணத்துக்கு, மேலே சொன்ன 10 கன அடித் தடியில் 6.5 கன அடி தேறுவதாக வைத்துக்கொள்ளலாம். அதில் 4 கன அடி முதல் தரம், கன அடி ரூ. 2,500, மீதி 2.5 இரண்டாம் தரம், ரூ. 1,200. மொத்தம் ரூ. 13,000. விறகும் தூளும் ரூ. 200. வெட்டு, ஏற்றுக்கூலி, லாரி, அறுப்பு, வட்டி, லாபம் எல்லாம் சேர்ந்து ரூ. 4,200 என்றால், தடிக்குக் கொடுக்கக்கூடிய உச்ச விலை ரூ. 9,000, கன அடிக்கு ரூ. 900. அதே தடியில் பொந்து இருந்து 2 கன அடி முதல் தரமும் 3 கன அடி இரண்டாம் தரமும் மட்டும் தேறினால், விறகும் தூளும் சேர்த்து வரவு ரூ. 8,800 ஆகிறது. செலவு குறையாது, எனவே தடிக்கு மிஞ்சுவது ரூ. 4,600. அளவு மாறாமலேயே விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

தோட்டத்தில் நிற்கும் மரத்தை மொத்தமாகப் பேசி வாங்கும்போது இந்த ஆபத்து முழுவதும் வாங்குபவர் தலையில் விழுகிறது. அதனால் குத்துமதிப்பு விலை எப்போதும் தாழ்வாகவே இருக்கும். வெட்டி, அளந்து, தரம் பிரித்துக் கொடுக்கும் விவசாயிக்குக் கன அடிக்குக் கூடுதல் விலை கிடைக்கும். வெட்டவும் கொண்டுபோகவும் அனுமதி தேவைப்படும் மரத்துக்கு அந்தச் செலவு யாருடையது என்பதும் பேரத்தில் அடங்கும்.

மதிப்பீடு கூர்மையாக ஒரே வழி பதிவேடு. தடிக்கு எண் போட்டு, வாங்கிய அளவையும் அறுத்தபின் தேறியதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவந்தால், எந்த ஊர் மரம், எந்தச் சுற்று, எந்தப் பழுது எவ்வளவு தின்கிறது என்பது அந்த மில்லின் சொந்தக் கணக்காகவே தெரிந்துவிடும். அடுத்த தடிக்குக் கேட்கும் விலை அந்தக் கணக்கிலிருந்து எழ வேண்டும்.