விடிய விடியக் கூத்து, ஒரே கடிகாரம்

டிஜிட்டல் கன்வெர்ட்டர், மைக்கிலிருந்து வரும் மின்னலையை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்குகிறது. எந்தக் கணத்தில் அளப்பது என்பதை அதனுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் முடிவு செய்கிறது. ஒரே கருவி என்றால், கடிகாரம் சற்று முந்தினாலும் பிந்தினாலும் காதுக்குத் தெரியாது. இரண்டு கருவிகளைச் சேர்க்கும்போதுதான் சிக்கல். எந்த இரண்டு படிகமும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் தெருக்கூத்தைப் பதிவு செய்வோருக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. ஆட்டம் முடிய விடிந்துவிடும். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டு, வசனம் என்று பிரித்து எடுத்தால் எட்டு மைக் போதாது. அதற்காக இரண்டு ரெக்கார்டர்களைத் தனித்தனியே ஓடவிட்டால், பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வித்தியாசமே மணிக்கு 36 மில்லிசெகண்டாக வளரும். எட்டு மணி நேரத்தில் 288. விடியற்காலைக் காட்சியில் ஒவ்வொரு தாளத் தட்டும் இரண்டாகக் கேட்கும்.

எட்டு சேனல் இன்டர்ஃபேஸோடு எட்டு சேனல் பிரீஆம்ப் ஒன்றை ஏடாட் ஆப்டிகல் கேபிளில் இணைப்பதே எளிய வழி. ஒலியோடு கடிகாரத் துடிப்பும் அதே கேபிளில் வந்துவிடும். பிரீஆம்ப் தன் கடிகாரத்தில் ஓட, இன்டர்ஃபேஸின் கிளாக் அமைப்பை ‘ஏடாட்’ என்று மாற்றினால் போதும். பலர் இதை ‘இன்டர்னல்’ என்றே விட்டுவிடுகிறார்கள். ஒலி வரத்தான் செய்யும். ஆனால் முன்சொன்ன வித்தியாசத்தில் சுமார் இரண்டு நொடிக்கு ஒரு சாம்பிள் நழுவி ‘டிக்’ என்று விழும். தாளச் சத்தத்தில் அது மறைந்துபோகும். கட்டியங்காரன் பேச்சை நிறுத்தும் இடைவெளியில்தான் பிடிபடும். சோதிக்கும்போது அமைதியான இடத்தைக் கேட்க வேண்டும்.

48 கிலோஹெர்ட்ஸில் எடுத்ததை 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓட்டுவது வேறு வகைக் கோளாறு. சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை இறங்கும். ஆர்மோனியக்காரர் உடனே சொல்லிவிடுவார்.

கடிகாரத் துடிப்பை மட்டும் தனிக் கேபிளில் அனுப்பும் வேர்ட் கிளாக் வழியாக இணைப்பதானால் 75 ஓம் கேபிள் வேண்டும். சிசிடிவி வேலைக்கு வரும் ஆர்ஜி 59 பொருந்தும். பார்வைக்கு அதே போலிருக்கும் ஆர்ஜி 58 கேபிள் 50 ஓம். உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குவது நல்லது. வரிசையில் கடைசிக் கருவியில் மட்டும் 75 ஓம் டெர்மினேஷன் இருக்க வேண்டும். நடுவில் இன்னொன்று இருந்தால் துடிப்பு வலுவிழக்கும்.

எப்படி இணைத்தாலும், கடிகாரம் தரும் மாஸ்டர் கருவி அணைந்தால் மற்றவையும் பிடியிழக்கும். ஜெனரேட்டர் மாற்றும் நொடிகளைத் தாண்ட மாஸ்டருக்கு யூபிஎஸ் கட்டாயம். மின்சாரம் வந்தபின் ‘லாக்’ விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் பதிவைத் தொடரக் கூடாது.

வீடியோ கேமரா எப்படியும் தன் கடிகாரத்தில்தான் ஓடும். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாகக் கைத்தட்டல் பதிந்திருந்தால் விலகலைக் கணக்கிட்டுப் பின்னர் நேராக்கலாம்.

தனியாக விலையுயர்ந்த மாஸ்டர் கிளாக் பெட்டி வாங்கினால் ஒலி மெருகேறும் என்பது விற்பனைப் பேச்சு. நல்ல கன்வெர்ட்டர் பெரும்பாலும் தன் சொந்தக் கடிகாரத்தில்தான் சுத்தமாக ஓடும். கருவிகள் பல கூடும் பெரிய ஸ்டுடியோவில் அந்தப் பெட்டிக்கு வேலை உண்டு. இரண்டு கருவி வைத்துக் கூத்து எடுப்பவருக்கு அது வீண் செலவு. அந்தப் பணத்தில் முகவீணைக்கு நல்ல மைக் ஒன்று வாங்கலாம்.