கோவளத்தில் பசியாற...

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியே கோவளம் செல்லும் அன்பர்களே! தமீம் அன்சாரி தர்கா அமைந்த அக்கடற்கரை ஊரின் கோட்டையை 1752இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கிளைவ் பறித்தார். ஆங்கிலேயர் போயினர், அவர்தம் காலையுணவு நம் நாட்டு விடுதிகளில் தங்கிவிட்டது.

முட்டை, ரொட்டி, வாட்டிய தக்காளி ஆகியவற்றில் குற்றமில்லை. ஆனால் அவர்கள் மரபில் அதே தட்டில் பன்றியிறைச்சியும் உண்டு; அதன் கொழுப்பிலேயே முட்டையைப் பொரிப்பாரும் உளர். எனவே, "முட்டை மட்டும் போதும்" என்பது போதாது. எந்தச் சட்டி, எந்த எண்ணெய் என்றும் கேளுங்கள். பிள்ளைகள் காதில் விழும்படியே கேளுங்கள். விருந்தினர் கேட்பது பரிமாறுவோர்க்குப் புதிதன்று.

காலையுணவைப் 'பசியாறுதல்' என்றல்லவா நம் வீடுகளில் வழங்குகிறோம்? எனக்கோ இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் இருந்தால்தான் பசி ஆறும். ஃபஜ்ரு தொழுதவுடன் புறப்படுங்கள். வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடலாம்.