மரக்காணத்துக் காற்றும் ஐந்து கிராம் பந்தும்

சென்னையிலிருந்து ஈ.ஸி.ஆர். வழியாகப் பாண்டிச்சேரி போகிறவர்களை இரண்டு ரகமாகப் பிரிக்கலாம். மகாபலிபுரம் தாண்டியதும் தூங்கிப்போகிறவர்கள் ஒரு ரகம். பாண்டிச்சேரி எல்லை வரும்வரை தூக்கமே பிடிக்காதவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்துக்கு அப்படி என்ன அவசரம் என்று உங்களுக்கே தெரியும்; நான் வேறு சொல்ல வேண்டுமா? இந்த இரண்டு கோஷ்டியும் பார்க்காமலே கடந்து போகிற ஊர்தான் மரக்காணம்.

விழுப்புரம் மாவட்டம். பாண்டிச்சேரிக்கு 30, 35 கிலோமீட்டர் முன்னால். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய, காக்கிநாடாவிலிருந்து வருகிற பக்கிங்ஹாம் கால்வாய் களைத்துப்போய் நின்ற இடம் இது. பக்கத்தில் கழுவேலி. 2021-ல் அதைப் பறவைகள் சரணாலயமாக்கினார்கள். 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. அப்புறம் சுமார் 3,000 ஏக்கருக்கு உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற ஊர். சாலையோரம் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிய வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை சாம்பாரில் உப்பு கூடிப்போனால் வீட்டில் சத்தம் போடுமுன் அந்தக் குவியல்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் உப்பு பார்க்கத்தான் போனேன். போன இடத்தில் கண்ணில் பட்டது பேட்மின்டன்!

விடியற்காலை ஐந்தே முக்கால். உப்பளத்து மேட்டில் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, நடுவே கிழிந்த மீன்வலையைக் கட்டி, நாலு பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டுக்குக் கோடு போட்டிருந்தது சுண்ணாம்பில் இல்லை ஸார், உப்பில்! அந்த ஊரில் அதுதான் மலிவு.

நாலு பேரில் ஒரு பெண். பன்னிரண்டு, பதிமூன்று வயது இருக்கும். ஸ்கூல் பாவாடைக்கு மேல் அண்ணனுடைய சட்டை. பேட்டில் நரம்பு இரண்டு இடத்தில் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. பந்து நைலான்.

எட்டு மணி வாக்கில் காற்று கிளம்பியது. பையன்கள் இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணும் அவள் தம்பியும் மட்டும் விடவில்லை. அவள் அடித்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே போவதுபோல் இருந்தது.

"எங்கேம்மா அடிக்கிறே? அவுட்டுக்கில்ல போகுது!"

"இருங்கண்ணா, காத்து கொண்டாந்து போடும்."

போட்டது. கோட்டுக்கு அரை அடி உள்ளே. தம்பிக்காரன் உப்புத் தரையில் குப்புற விழுந்தான்.

அப்புறம் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, மெட்ராஸ்ல எல்லாம் கட்டடத்துக்கு உள்ளாறதான் ஆடுவாங்களாமே? காத்தே இருக்காதாமே?"

"இருக்காது."

"அப்பறம் எப்படிண்ணா பந்து திரும்பும்?"

சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த நாட்டில் ஒருவர் பேட்மின்டனைத் தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா, முடியாதா என்பதே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய போட்டிகளில் ஆடுகிற இறகுப் பந்துக்கு 16 இறகுகள். எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராம் வரை. ஆபீஸ் மேஜையில் இதை வைத்து மின்விசிறியைப் போட்டால் ஃபைலோடு சேர்ந்து பறந்துவிடும். கிரிக்கெட்டுக்கு ஒரு தெரு போதும். கபடிக்கு மண் போதும், கூடவே மூச்சு. பேட்மின்டனுக்கு மட்டும் முதலில் வேண்டியது கூரை. அதிலும் பெரிய சர்வதேசப் போட்டி என்றால் தரைக்கும் கூரைக்கும் நடுவே 12 மீட்டர் இருக்க வேண்டும். அதாவது கிட்டத்தட்ட நாலு மாடி உயரத்துக்கு வெறும் காலியிடம்! சென்னையில் ஒரு படுக்கையறை வாங்க வக்கில்லாதவர்கள் நாம்.

நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். கூரை இல்லையென்றால் பந்தை மாற்று என்றார்கள். 1850-களிலேயே தஞ்சாவூர் அரண்மனையில் கம்பளி நூல் பந்தை வைத்துப் பூப்பந்து ஆடியிருக்கிறார்கள். பந்து முப்பது கிராமுக்குக் கிட்டே. சாதாரணக் காற்றுக்கெல்லாம் அசையாது. பக்கத்துக்கு ஐந்து பேர், வெட்டவெளி, மாலை வெயில். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பேட்மின்டன் என்றாலே ரொம்ப காலம் அதுதான். ஆனால் 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் மெடல் கொடுக்க ஆரம்பித்தது இறகுப் பந்துக்கு. கம்பளிப் பந்துக்கு இல்லை. 2019-ல் உலக சம்மேளனமே வெட்டவெளியில் ஆடுவதற்கென்று புதுப் பந்து ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதற்கும் ஒலிம்பிக்கில் இடமில்லை. ஆக, மெடல், வேலை, பெயர் எல்லாம் கூரைக்குக் கீழேதான்.

சரி, கூரை கிடைத்தவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

பிரகாஷ் படுகோனுக்குக் கல்யாண மண்டபத்தில். நிஜம்தான். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு மண்டபத்தில்தான் அவர் ஆடக் கற்றார். கல்யாணம் இல்லாத நாளில் ஸ்கூல் விட்டதும் ஓடுவார். முகூர்த்த நாளில் பிராக்டிஸ் கிடையாது. எனவே நம் கணக்குப்படி ஆடி மாதம்தான் அவருக்குப் பொற்காலமாக இருந்திருக்க வேண்டும்! அந்த மண்டபத்துப் பையன் 1980-ல் லண்டன் போய் இந்தோனேஷியாவின் லியம் ஸ்வீ கிங்கை நேர் செட்டில் தோற்கடித்து ஆல் இங்கிலாந்து பட்டம் வாங்கினார். இந்தியர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் தடவை.

அடுத்த இந்தியருக்கு 21 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2001-ல் கோபிசந்த். முழங்காலில் ஆபரேஷன்கள் செய்துகொண்ட மனிதர். பட்டம் வாங்கியபின் கூல்டிரிங்க்ஸ் விளம்பரத்தில் நடிக்க மாட்டேன் என்றார். அப்புறம் ஹைதராபாத்தில் அகாடமி கட்ட வீட்டை அடமானம் வைத்தார். நான் பி.காம். படித்தவன். விளம்பரப் பணத்தை வேண்டாமென்று விட்டு வீட்டை அடகு வைப்பவரை எந்த அக்கவுண்டன்ஸி புத்தகத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஸாய்னாவும் சிந்துவும் ஒலிம்பிக் மெடல்களோடு வந்தது அந்தக் கூரைக்கு அடியிலிருந்துதான்.

உப்பளத்தில் மணி ஒன்பதாகியிருந்தது. அந்தப் பெண்ணின் தாத்தா பாத்தியிலிருந்து கரையேறினார். விடிகாலை நாலு மணிக்கு இறங்கியவர். வெயில் ஏறினால் வெள்ளை உப்பு கண்ணைக் குத்தும். காலில் புண் இருந்தால் கேட்கவே வேண்டாம். டீக்கடையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்.

"கடத்தண்ணி மூணு டிகிரிதான் தம்பி இருக்கும். பாத்தி பாத்தியா மாத்தி மாத்தி உடணும். வெயிலும் காத்தும் தண்ணிய இழுக்கும். இருவத்தஞ்சு வந்தா உப்பு உழும். முப்பதைத் தாண்ட உட்டீங்கன்னா கசப்பு எறங்கிடும். அதுக்குள்ள வாரிடணும்."

"மழை வந்தா?"

"வந்தா இன்னா, எல்லாம் கரைஞ்சுது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசம் வேல கெடையாது."

அந்த மாதங்களுக்கு அரசாங்கம் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரும் திட்டம் ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஐயாயிரம். மாதச் சம்பளக்காரர்கள் வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா சொன்ன டிகிரிக் கணக்கு எனக்கு வேறு ஒரு கணக்கை ஞாபகப்படுத்தியது. ஆல் இங்கிலாந்து ஜெயித்தபோது பிரகாஷுக்கு வயது 24. கோபிசந்துக்கு 27. சிந்து 2019-ல் உலக சாம்பியன் ஆனபோது 24. உப்பு விழுகிற டிகிரி இதுதான்! ஒன்பது, பத்து வயதில் பாத்தியில் தண்ணீர் விட்டிருந்தால்தான் இருபத்தைந்துக்குள் உப்பு. முப்பதைத் தாண்டினால் பெரும்பாலும் கசப்பு. நடுவில் முழங்கால் போனால், அதுதான் ஐப்பசி மழை.

இந்த உத்தியோகத்தின் வரவு செலவையும் பாருங்கள். நல்ல இறகுப் பந்து ஒரு டப்பா ஆயிரம் ரூபாய்க்கு மேல். மும்முரமாக ஆடினால் ஒரு டப்பா எத்தனை நாள் தாங்கும்? அப்புறம் ஷூ, நரம்பு, கோர்ட் வாடகை, பயிற்சிக் கட்டணம், ஊர் ஊராக ரயில் டிக்கெட். வரவுப் பக்கத்தில் முதல் பத்து வருஷம் ஒரு பெரிய பூஜ்யம். சின்ன சர்வதேசப் போட்டிகளில் முதல் சுற்றில் தோற்றால் விமான டிக்கெட் காசுகூடத் திரும்பாது. அதனால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ பெட்ரோலியக் கம்பெனியிலோ ஒரு வேலை கிடைத்தால் ஆட்டக்காரரைவிட அவருடைய அம்மா முதலில் கோயிலுக்குப் போகிறார்.

"இதெல்லாம் மரக்காணத்துக்கு எதற்கு? பெரிய இடத்துப் பிள்ளைகள் ஆட்டம்" என்கிறீர்களா? திண்டிவனம் வழியாகப் பஸ் பிடித்தால் அரை நாளுக்குள் காஞ்சிபுரம். அங்கே பிறந்தவர்தான் துளசிமதி முருகேசன். பிறவியிலேயே இடது கையில் பாதிப்பு. பேட் பிடிக்க ஒரு கை, சர்வீஸ் போடப் பந்தைப் பிடிக்க இன்னொரு கை வேண்டுமென்று ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா முருகேசன்தான் முதல் குரு. பிறகு ஹைதராபாத்தில் கோபிசந்த் அகாடமியில் பயிற்சி. நடுவே நாமக்கல்லில் கால்நடை மருத்துவப் படிப்பு வேறு.

2023 அக்டோபரில் ஹாங்ஜோ ஆசிய பாரா விளையாட்டில் சீனாவின் யாங் சியூஷியாவைத் தோற்கடித்துத் தங்கம். 2024 செப்டம்பர் 2-ந் தேதி பாரிஸ் பாராலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அதே யாங். இந்த முறை 17-21, 10-21 என்று தோல்வி. வெள்ளி. அப்போது வயது 22. அரையிறுதியில் துளசிமதியிடம் தோற்றவர் யார் தெரியுமா? திருவள்ளூரின் மனீஷா ராமதாஸ்! அவருக்கு வெண்கலம். குள்ளமானவர்களுக்கான பிரிவில் ஓசூரின் நித்யஸ்ரீ சிவனுக்கு இன்னொரு வெண்கலம். பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மின்டனில் இந்தியா வாங்கிய மெடல் ஐந்து. அதில் மூன்று தமிழ்நாட்டுப் பெண்கள் வாங்கியது. அதே வருஷம், அதே பாரிஸில், ஒலிம்பிக் பேட்மின்டனில் இந்தியாவுக்குக் கிடைத்தது எத்தனை? ஒன்றுகூட இல்லை.

மூன்று பேருக்கும் அர்ஜுனா விருது வந்தது. தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடி, மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒரு கோடி கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், மனதாரக் கைதட்டுவோம். ஆனால் அந்தப் பணம் உப்பு விளைந்தபின் வருகிற பணம். பாத்தி கட்டுகிற பணம் யாருடையது? அது இன்னும் அப்பாக்களின் சட்டைப் பையிலிருந்துதான் வருகிறது. உப்பளத்து அப்பாக்களின் சட்டையில் பை இருக்கிறது. அதற்குள் பீடிக்கட்டும் டோக்கனும்தான்.

தாத்தாவிடம் கேட்டேன், "பேத்தி நல்லா ஆடுதே, பாத்தீங்களா?"

"எங்கங்க பாக்குறது? அது ஆடுற நேரத்துல நாங்க பாத்தியில கெடக்கறோம். காத்து கெளம்பறதுக்கு முன்ன அது ஆடணும், வெயில் ஏறறதுக்கு முன்ன நாங்க வாரணும்." டீயை உறிஞ்சினார். "பத்தாவது முடிக்கட்டும். கம்பெனி பஸ்ஸு ஊருக்குள்ளயே வருது. நெழல்ல ஒக்காந்து வேல. இந்த வெயிலு அதுக்கு வாணாம்."

அவர் சொன்னதில் என்ன தப்பு? நிழல் வேண்டும் என்றுதான் அவரும் கேட்கிறார். பேத்திக்கும் வேண்டியது அதே நிழல்தான். கொஞ்சம் உயரமாக வேண்டும், அவ்வளவே.

இந்தக் கடற்கரை நெடுகப் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியிருக்கிறார்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையேறியபோது அவற்றின் அருமை தெரிந்தது. மற்ற நாட்களில் இப்படிப்பட்ட கட்டடங்களின் வேலை பூட்டைக் காவல் காப்பதுதான். உலகப் போட்டிக்குத்தான் 12 மீட்டர் வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் காற்று புகாத நாலு சுவர் போதும். மல்லேஸ்வரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றும் உலகத் தரத்தில் கட்டியதில்லையே! புயலுக்கு ஒரு சாவி, பேட்மின்டனுக்கு ஒரு சாவி என்று யாராவது ஓர் அதிகாரி நினைத்தால், ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒரு பாத்தி கட்டியாகிவிடும்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். அடுத்த சனிக்கிழமை பாண்டிச்சேரி போகும்போது மரக்காணத்தில் பத்து நிமிஷம் இறங்குங்கள். உப்பளத்தைப் பாருங்கள், டீ குடியுங்கள். கூடவே பிள்ளைகளுக்கு ஒரு டப்பா ஷட்டில் வாங்கிப் போங்கள்.

நைலானே வாங்குங்கள். இறகுப் பந்துக்கு இன்னும் கூரை வரவில்லை.