பசை வாசம்

போன வாரம் ஒரு கட்டுரையின் துணைநூற்பட்டியலைச் சரிசெய்துகொண்டிருந்தேன், ஆய்விதழ் ஒன்றுக்கு என் வேலையே அதுதான், பெயருக்குப் பின்னால் காற்புள்ளியா முற்றுப்புள்ளியா, நூல்தலைப்பு சாய்வெழுத்தில் இருக்கிறதா, பக்க எண்களுக்கு நடுவே சின்னக் கோடா சற்றே நீண்ட கோடா என்று கண் பூக்கப் பார்ப்பது. கட்டுரையாளர் சான்றுக்கென்று அனுப்பியிருந்த பழைய விழாமலர் ஒன்றைப் பிரித்தேன், அதன் முதுகுத் தையலிலிருந்து புளித்த மாவு வாசம் எழுந்து, ஏசி குளிரில் கலையாமல் கொஞ்ச நேரம் மேசைமேலேயே நின்றது.

தாத்தாவின் பசைக் கிண்ணம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோதுமை மாவைக் கரைத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் கட்டி தட்டாமல் கிண்டி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு இறக்குவார், துத்தம் இருந்தால் பூச்சி அண்டாது, ஆனால் பிள்ளைகள் கிண்ணத்தைத் தொடக்கூடாது. மலேசிய மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டை எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்று, லெம்பா பெர்த்தாமில் ஒரு பலகை வீட்டுக்கு இறங்கி வந்திருந்தார், மலை மறைப்பதால் அங்கே வெயில் தாமதமாகத்தான் வரும், வந்ததும் ஐந்தடிப் பலகையில் ஒரே ஒரு பட்டையாக விழும், அந்தப் பட்டை நகர நகர அவரும் முக்காலியை நகர்த்திக்கொள்வார். தோட்டத்தில் கழித்துப்போட்ட பழைய பேரேடுகளின் எழுதாத பக்கங்களில்தான் பத்திரிகைத் துண்டுகளை ஒட்டுவார், ஒட்டியதும் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டு, நீலக்கறுப்பு மையில் கீழே எழுதுவார், த.நே., கோலா, அப்புறம் தேதி, அப்புறம் பக்கம். ‘தமிழ் முரசு’ என்றால் சிங்கை, விகடன் என்றால் மதராஸ். ஊரை ஒருநாளும் விட்டதில்லை. எந்த ஊரில் உட்கார்ந்து சொன்னான் என்று தெரியாமல் ஒரு பேச்சை நம்ப முடியுமா என்பார், 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய, அவர் த.நே. என்று சுருக்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனதைப் பார்க்க அவர் இல்லை.

அவருடைய பழைய செக்ரோலையும் பார்த்திருக்கிறேன், ஒரே பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், மூன்று முனியம்மாக்கள், வெள்ளைக்காரத் துரைக்கு அவர்கள் முனியம்மா 1, 2, 3, தாத்தாவோ ஓரத்தில் பென்சிலால் வெத்திலை, கோணக்கொண்டை, சேலத்துக்காரி என்று குறித்து வைத்திருந்தார், கொழுந்துக் கூடை தராசில் ஏறும்போது எடை ஆள்மாறி விழக்கூடாது, விழுந்தால் சம்பள நாளில் சண்டை. இன்றைக்கு நான் ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் எழுதிய இரண்டு கட்டுரைகளுக்கு 1998அ, 1998ஆ என்று போடும்போதெல்லாம் அந்தத் தராசின் கிறீச் சத்தம் கேட்கிறது, பென்சில் குறிப்புக்குத்தான் இப்போது இடமில்லை.

பிறகு ஒரு லெம்பாவிலிருந்து, அதாவது பள்ளத்தாக்கிலிருந்து, இன்னொரு லெம்பாவுக்குப் போனேன், தாப்பா வழியாக வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் வாந்தி எடுத்தபடியே, லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு. இந்திய ஆய்வியல் துறைக்குச் சேவியர் தனிநாயகம் அடிகள் தலைவராக இருந்த காலம் அதற்குள் கதையாகியிருந்தது, 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர், அதே ஆண்டு பல்கலைக்கழக அச்சகம் அவர் தொகுத்த தமிழியல் நூல் வழிகாட்டியை வெளியிட்டது, நூல்களின் பட்டியலே ஒரு நூல், அதை முதலில் கையில் எடுத்தபோது தாத்தாவின் பேரேடு அச்சேறிவிட்ட மாதிரி இருந்தது. அடிகளே நூலகங்களில் இரண்டு மூன்று விதமாக நிற்கிறார், சேவியர் ஒருபக்கம், தனி ஒருபக்கம், நாயகம் ஒருபக்கம். நூலகத்தில் கயிறு கட்டிய கண்ணாடியோடு ஒரு பெரியவர் இருந்தார், நாள் முழுக்கச் சுக்கு மணக்கும், உ.வே.சாமிநாதையரை ‘எஸ்’ இழுப்பறையில் துழாவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, எழுந்துவராமலேயே, “ஐயா ‘சி’யில இருக்காரு தம்பி” என்றார், நம் சகரத்தை ரோமன் எழுத்தில் ‘சி’ என்று எழுதும் முறை அது, தெரியாதவனுக்கு ஐயர் காணாமல்தான் போயிருப்பார்.

இப்போது இழுப்பறைகள் இல்லை, மென்பொருள் இருக்கிறது, அது கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு முன்னால் தள்ளிவிடுகிறது, எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அடையாள அட்டையில் எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் மகன் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்தான் இருக்கிறது, ஆக மகன் எழுதிய புத்தகத்துக்கு, ஒருவேளை கையெழுத்துகூடப் போடத் தெரியாத அப்பா, ஆசிரியராகிவிடுகிறார். சங்கப் பாட்டைத் தொகுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றால் ஊர், தகப்பன், பிள்ளை எல்லாம் வரிசையில் வந்துவிடும், உறையூர் ஏணிச்சேரி முடமோசியாருக்குத் தெருவரைக்கும் முகவரி உண்டு.

துணைநூற்பட்டியலுக்கு எங்கள் இதழ் பின்பற்றும் சிக்காகோ நடைக் கையேடு 1906இல் வந்தது, 2024இல் வந்த பதினெட்டாம் பதிப்பு, 1900க்குப் பிந்தைய நூல்களுக்கு வெளியீட்டு ஊர் வேண்டியதில்லை என்று விட்டுவிட்டது. பெரிய பதிப்பகங்களுக்கு அது சரி, எந்த ஊரில் இருந்தால் என்ன, ஆனால் பினாங்கில் ஒரு சந்துக்குள் நூறு படி அடித்து மூடிப்போன அச்சகத்துக்கு ஊரைத் தவிர வேறென்ன மிச்சம். எங்கள் இதழும் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது, நானும் காலையிலிருந்து ஊர்களை ஒவ்வொன்றாக வழித்துக்கொண்டிருந்தேன், சென்னை, யாழ்ப்பாணம், ஈப்போ, சிங்கப்பூர்.

அந்தக் கட்டுரையாளர் மேற்கோள் காட்டியிருந்த ஒரு பத்திரிகைத் துண்டு தாத்தாவின் பேரேட்டில் இருந்து நான் படமெடுத்துக் கொடுத்ததுதான், குறிப்பு படத்தில் விழவில்லை. அத்தைக்குப் போன் செய்தேன். தாத்தாவின் வீட்டைச் சுற்றி இன்று பிளாஸ்டிக் கூரைத் தோட்டங்கள், இரவில் செவ்வந்திக்கு விளக்கு எரிகிறது, பள்ளத்தாக்கில் இருட்டே இல்லை என்று அத்தைக்குக் குறை, 2013 அக்டோபரில் அணை நீர் ஆற்றோரத்து வீடுகளை வாரிக்கொண்டு போனபோது பேரேடுகள் மேட்டில் அவர் வீட்டுப் பீரோவில் இருந்தன.

பீரோ திறக்கும் சத்தம், இருமல், பக்கம் புரளும் சத்தம்.

“பூச்சி அரிச்சிருக்குடா. துத்தம் போட மறந்துட்டாரு போல.”

“பேப்பர் பேரு, தேதி?”

“அதெல்லாம் போயிருச்சு லா. பினாங்குன்னு மட்டும் இருக்கு.”

போனை வைத்துவிட்டு, வழித்த ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினேன், ஆசிரியருக்கு ஓரத்தில் ஒரு குறிப்பும் போட்டேன், அந்தத் துண்டுக்குரிய வரியில் பெயர் இல்லை, தேதி இல்லை, பக்கம் இல்லை, பினாங்கு என்று எழுதி ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன்.