மாவுக்கட்டைப் பார்த்துச் சிரிக்கும் தம்பிகளுக்கு

கையிலோ காலிலோ மாவுக்கட்டு, குனிந்த தலை, பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர். இப்படி ஒரு படம் வாரத்துக்கு ஒருமுறையாவது என் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. கீழே ஒரு வரி: ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்.’ அதற்கும் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அனுப்புகிறவர்கள் எங்கோ இருக்கிற சாதி வெறியர்கள் அல்ல. ஏப்ரல் 14க்கு நம்மோடு கொடி கட்டுகிற, சட்டக் கல்லூரியிலும் கலைக் கல்லூரியிலும் படிக்கிற நம் தம்பி தங்கைகள்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஜோக் புரிய வேண்டுமானால் போலீஸ் பொய் சொல்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கைதட்டுகிறோம். காவல் துறை மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று கருத்தரங்குகளில் கவலைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னையில் போலீஸ் மீது பெரிய நம்பிக்கை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ‘யாரை அடிக்க வேண்டுமோ அவனைத்தான் அடிப்பார்கள், நம்மை அடிக்க மாட்டார்கள்’ என்ற நம்பிக்கை அது. அண்ணா நகர் அப்பார்ட்மென்ட்டில் இருப்பவருக்கு அந்த நம்பிக்கை இருப்பதில் ஆச்சரியமில்லை. வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் இருக்கிற நமக்கு அது எங்கிருந்து வந்தது?

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வழுக்கி விழும் கதையைப் பற்றி நேரடியாகவே கேட்டது. காவல் நிலையக் கழிப்பறைகளில் கைதானவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, அங்கேயே வேலை பார்க்கும் போலீசார் விழ மாட்டார்களா என்று. செய்தியைப் படித்துவிட்டு அதற்கும் நாம் சிரித்தோம். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது. நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளிப்புறம் என எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாத இடத்திலும் ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. காவலில் காயம்பட்டவர் மனித உரிமை ஆணையத்திடமோ மனித உரிமை நீதிமன்றத்திடமோ புகார் கொடுத்து அந்தப் பதிவை வரவழைக்கவும் வழி சொல்லியிருக்கிறது. மாவுக்கட்டுப் படத்தைப் பகிரும் நேரத்தில் ‘அந்த ஸ்டேஷன் கேமரா பதிவு எங்கே?’ என்று ஒரு வரி எழுதலாம். அதற்கு லைக் வராது என்பது வேறு விஷயம்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது ஒன்று. எங்கள் பிளாக்கில் இட்லிக் கடை போடும் அக்கா ராத்திரி பத்தரை மணிக்கு என் கதவைத் தட்டினார். பதினெட்டு வயது மகன் கேட்டரிங் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவன், வாகனச் சோதனையில் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதவில்லை. அந்தப் பையன் இன்னும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறான். நாங்கள் போனபோது, ‘எந்த ஏரியா?’ என்ற கேள்விக்கு அவன் ஹவுசிங் போர்டு என்று பதில் சொல்லி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவனுடைய தலைமுடிதான் முக்கியத் தடயமாக இருந்தது போலிருக்கிறது. “இந்தப் புள்ளிங்கோவுக்கெல்லாம் யாரும்மா வண்டி வாங்கித் தரது?” என்று அக்காவிடம் கேட்டார் ஒருவர். வண்டி அவன் முதலாளியுடையது, ஆர்.சி. புத்தகம் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. என்னிடம் திரும்பி, “நீ யாரு? வக்கீலா?” என்றார்.

“இல்ல சார், பக்கத்து வீடு.”

“அப்போ வெளிய நில்லு.”

நின்றோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பையனை அனுப்பினார்கள். கன்னம் வீங்கியிருந்தது. எஃப்.ஐ.ஆரும் இல்லை, சி.எஸ்.ஆர். ரசீதும் இல்லை, எழுத்தில் பார்த்தால் அன்றிரவு அவன் அங்கே வரவே இல்லை. இதெல்லாம் புதிதல்ல, நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு இன்றுவரை ஆறாதது அதற்குப் பிறகு நடந்தது. அக்கா அந்த ஆய்வாளரைக் கையெடுத்துக் கும்பிட்டு, “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்றார். மகனை உயிரோடு திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி. நாளைக்கு யாராவது வந்து போலீஸ் மீது உங்களுக்கு நம்பிக்கை உண்டா என்று கணக்கெடுத்தால் அந்த அக்கா ‘உண்டு’ என்றுதான் சொல்வார். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்?

அப்படித் திரும்பி வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2022 ஏப்ரல் 18 இரவு கெல்லீஸ் அருகே வாகனச் சோதனையில் பிடிபட்டவர், மெரினாவில் குதிரை சவாரி விட்டுப் பிழைத்த 25 வயது இளைஞர். மறுநாள் தலைமைச் செயலக காலனி காவல் நிலையத்தில் அவர் உயிர் போனது. வலிப்பு வந்தது என்பதே முதலில் சொல்லப்பட்ட காரணம். சட்டமன்றத்திலேயே அது சொல்லப்பட்டது. உடற்கூராய்வில் 13 காயங்கள் என்று வந்த பிறகுதான் வழக்கு கொலை வழக்காக மாறி, சி.பி.சி.ஐ.டி. போலீசாரைக் கைது செய்தது. காயங்களை எண்ணிச் சொல்லும் அறிக்கை வெளியே வராமல் இருந்திருந்தால் அவரும் வலிப்பு நோயாளியாகவே போயிருப்பார்.

இந்த ‘எந்த ஏரியா?’ என்ற கேள்விக்குச் சட்டப்படியே ஒரு வடிவம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆவது பிரிவு, இப்போதைய சட்டத்தில் 129. வழக்கமான குற்றவாளி என்று போலீஸ் கருதும் ஒருவரிடம் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கலாம். பிணையை மீறினார் என்றால் மீதிக் காலத்துக்கு உள்ளே தள்ளலாம். இதில் நீதிபதியாக உட்கார வேண்டியவர் நிர்வாக நடுவர். தமிழ்நாடு அரசு 2013, 2014ஆம் ஆண்டுகளில் போட்ட அரசாணைகளால் அந்த அதிகாரம் காவல் துணை ஆணையர்களின் கைக்கே வந்தது. பிடிப்பதும் போலீஸ், புகார் சொல்வதும் போலீஸ், விசாரித்து உள்ளே அனுப்புவதும் போலீஸ். எங்கள் பேட்டையில் எத்தனையோ பையன்களின் வேலையும் படிப்பும் இதில் போயிருக்கிறது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இது அதிகாரப் பிரிவினைக்கு எதிரானது என்று சொல்லி அந்த அரசாணைகளை ரத்து செய்தது. பத்து வருடம் நடந்த அநியாயம். இதற்காக நாம் ஒரு சுவரொட்டி ஒட்டவில்லை, ஒரு கூட்டம் போடவில்லை. சட்டம் படிக்கும் தோழர்கள் அந்தத் தீர்ப்பைத் தேடி முழுதாகப் படிக்க வேண்டும். குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஒழித்தாகிவிட்டது என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

என் சித்தப்பா மகன் ஆயுதப்படையில் இரண்டாம் நிலைக் காவலர். நம் தெருக்களிலிருந்து இட ஒதுக்கீட்டில் போலீசுக்குப் போனவர்கள் ஏராளம். அதனால் ‘போலீஸ் நம்மவர்களும்தானே’ என்று ஒரு வாதம் வரும். அவனிடம் ஒருநாள் கேட்டேன், நீயும் அடிப்பாயா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணே, நான் சும்மா நின்னேன்னா ‘உங்க ஆளுன்னா பாசமா’ன்னு கேப்பாங்க” என்றான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவன் இரண்டு அடி கூடவே போடுவான் என்பது எனக்குப் புரிந்தது. அதே பையன் ஓர் உயரதிகாரி வீட்டில் நாயைக் குளிப்பாட்டியிருக்கிறான். ஆர்டர்லி முறை 1979இலேயே ஒழிக்கப்பட்டதாகக் காகிதத்தில் இருக்கிறது. 2022இல் உயர் நீதிமன்றம் மறுபடியும் கண்டிக்க வேண்டியிருந்தது. காவலர்கள் சங்கம் வைக்கவும் முடியாது. மேலே இருப்பவன் ‘டேய்’ என்றால் கைகட்டி நிற்கும் பழக்கத்தில் வளர்ந்தவன், எதிரே நிற்கும் சேரிப் பையனை ‘வாங்க தம்பி’ என்று கூப்பிடுவான் என எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை தண்டனை தரும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஊழியருக்குத்தான் பொருந்தும். என் தம்பியை முன்னால் நிறுத்தி அடிக்க வைப்பதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

சரி, புகார் கொடுப்பது எங்கே? பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை ஏற்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் சட்டம் கொண்டுவந்தது. தலைவர் யார் தெரியுமா? உள்துறைச் செயலாளர். உறுப்பினராக டி.ஜி.பி. திருடன் வீட்டிலேயே திருட்டுப் புகார் பெட்டியை மாட்டி வைத்த கதை.

லண்டனில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது கறுப்பின மாணவரைப் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளை இனவெறியர்கள் குத்திக் கொன்றார்கள். போலீஸ் வழக்கைப் பாழாக்கியது. அவருடைய தாயும் தந்தையும் விடவில்லை. 1999இல் வந்த மெக்பெர்சன் அறிக்கை, சில கெட்ட போலீஸ்காரர்கள் என்று சொல்லித் தப்பிக்காமல், அந்த நகரப் போலீசில் நிறுவனமாகவே இனவெறி இருக்கிறது என்று எழுதியது. அதனால் எல்லாம் மாறிவிடவில்லை. 2023இல் கேசி அறிக்கை திரும்பவும் அதையேதான் கண்டது, கூடவே பெண் வெறுப்பையும் தன்பாலின ஈர்ப்பாளர் வெறுப்பையும். ஆனாலும் அந்தச் சொல் அரசு அறிக்கையில் ஏறியது. சென்னை போலீசில் நிறுவனமயமான சாதி இருக்கிறது என்று எழுதிய ஒரு அரசு அறிக்கையை நான் பார்த்ததில்லை. இங்கே ஆள் இறந்தால் இடமாற்றம், சத்தம் அதிகமானால் சஸ்பென்ஷன்.

இனி, நமக்குள்ளேயே பேசத் தயங்குகிற விஷயம். 2024 ஜூலை 5 மாலை பெரம்பூரில், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் அவர்களை வெட்டிக் கொன்றார்கள். மூன்றாம் நாள் ஆணையரை மாற்றினார்கள். புதிதாக வந்தவர், ரவுடிகளுக்குப் புரியும் மொழியில் பேசப்போவதாகச் சொன்னார். ஜூலை 14 அதிகாலை, சரணடைந்து காவலில் இருந்த ஒருவரை ஆயுதத்தை எடுக்க என்று மாதவரம் பக்கம் அழைத்துப் போனார்கள். துப்பாக்கியால் சுட முயன்றார், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். அன்று எங்கள் தெருவில் பட்டாசு வெடிக்காத குறைதான். அண்ணனைக் கொன்றவனுக்கு இதுதான் சரி என்றார்கள். அந்த வலியை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த இறுதி ஊர்வலத்தில் அழாதவர் யார்?

ஆனால், தம்பிகளே, அந்த மனிதர் குற்றவாளியா இல்லையா என்பதை எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்கவில்லை. கொலைக்குப் பின்னால் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று நாம்தான் தெருவில் இறங்கிக் கேட்டோம். அதற்குப் பதில் தெரிந்திருக்கக்கூடிய ஒரு வாயைப் போலீஸ் துப்பாக்கி மூடியபோது நாமே நன்றி சொன்னோம், அன்றிரவு கும்பிட்ட இட்லிக் கடை அக்காவைப் போல. என்கவுன்டர் நடந்தால் வழக்குப் பதிய வேண்டும், வேறு பிரிவு விசாரிக்க வேண்டும், நடுவர் விசாரணை வேண்டும், உடனடியாகப் பதவி உயர்வும் பதக்கமும் தரக் கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் பி.யூ.சி.எல். வழக்கில் வகுத்தது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டியவர்கள், இறந்த தலைவரின் மக்களாகிய நாம். மாதவரத்தில் சுடப்பட்டவர் உயிரோடு கூண்டில் ஏறியிருந்தால், அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே, ‘உன்னை அனுப்பியது யார்?’ என்பதாகத்தான் இருந்திருக்கும்.