சாயம் பூசிய லொறி

உழைப்பை வாடகைக்கு விடுதல் வேறு, முடித்துத் தருவதாக ஒரு வேலையைப் பொறுப்பேற்றல் வேறு என உரோமர் வகுத்தனர். உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே அப்பாகுபாடு இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. மதிலொன்றை இத்தனை ரூபாவுக்குக் கட்டித் தர உடன்படும் மேசன் இரண்டாம் வகையினன். அவனைப் பற்றிக் குழப்பமில்லை. குழப்பம் லொறியோடு தொடங்குகின்றது.

பிரித்தானியச் சட்ட அறிக்கைகளில் 1968 இல் இடம்பெற்ற வழக்கொன்றில், கொங்கிறீற்றுக் கலவை விநியோகிக்கும் கம்பனிக்காகச் சாரதி ஒருவர் தவணைக் கடனில் லொறி வாங்கினார். லொறிக்குப் பூசியது கம்பனியின் வர்ணம். அவர் உடுத்தது கம்பனியின் சீருடை. கம்பனியார் இடும் நியாயமான கட்டளைகளுக்குப் பணியவும் அவர் கடமைப்பட்டிருந்தார். ஆயினும் எரிபொருளும் பழுதுபார்க்கும் செலவும் அவருடையவை. தமக்குப் பதிலாக வேறொருவரைச் சாரதியாக அமர்த்தவும் அவருக்கு இடமிருந்தது. ஒப்பந்தத்திற் சூட்டிய பெயர் மட்டும் விடயத்தைத் தீர்க்காது என்ற நீதிபதி மக்கென்னா, ஈற்றில் அவரைச் சிறு வணிகராகவே கண்டார். தன் வாகனத்தின் நிறத்தைத் தானே தெரிவு செய்ய இயலாத வணிகர்!

இத்தீர்ப்பின் தருக்கம் பிழையென்று எளிதிற் கூறிவிட முடியாது. நட்டத்தைச் சுமந்தவர் சாரதியே. ஆனால் நட்டத்தை அவர் தலையில் ஏற்றியதும் கம்பனி வரைந்த ஒப்பந்தமே. சுமையை ஏற்றிய பின், சுமப்பதனால் நீ சுதந்திரன் என்பது விசித்திரமான நியாயம்.

2021 பெப்ரவரி 19 இல் ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம் ஊபர் சாரதிகளின் வழக்கை வேறு விதமாக நோக்கியது. கட்டணத்தை நிர்ணயிப்பது யார், பயணங்களை மறுப்பவரைத் தண்டிப்பது யார் என ஆராய்ந்து, அவர்களைத் தொழிலாளர் என்றது. ஒப்பந்த வாசகமன்று, சட்டத்தின் நோக்கமே தொடக்கப்புள்ளி என்பது அதன் சாரம்.

இலங்கையில் இது வெறும் சொற்போரன்று. ஊழியர் என ஏற்கப்பட்டவருக்கு 1958 ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டப்படி தொழில்தருநர் நூற்றுக்குப் பன்னிரண்டு செலுத்த வேண்டும். ஒப்பந்தகாரருக்கு ஒரு சதமுமில்லை. எனினும் 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வேலையாளை வரையறுக்கையில், எந்தவொரு வேலையையும் தானே நேரிற் செய்து தருவதாக ஒப்பந்தஞ் செய்தவரையும் உள்ளடக்குகின்றது. கடன்பட்டு வாங்கிய மோட்டார் சைக்கிளில், பிறருடைய நிறம் பூசிய பெட்டியில் உணவு சுமந்து கொழும்பு வீதிகளில் ஓடும் இளைஞன் அவ்வாசகத்துள் அடங்குவானா என்று கேட்க, முதலில் ஒருவன் தொழில் நியாய சபையின் படியேற வேண்டும். அன்றைய உழைப்பை இழந்துதான் அவன் ஏறவேண்டியிருக்கும்.